உறவைத் தேர்ந்தெடுக்கவும்

...போச்சா. மறுபடியும் மேல ஏறிக்கிச்சு. பாத்தீங்கல்ல தம்பி, எனக்குப் பின்னாடியேதான நின்னீங்க? நான் ஒண்ணுமே பண்ணல. விரல் லேசா அந்த ஓரத்துல பட்டுச்சு, அவ்வளவுதான். பட்டியல் சுருட்டிக்கிச்சு. இனிமே ஆதியில இருந்து வரணும். கிணத்துல வாளிய முக்கால் தூரம் இழுத்துட்டு வரும்போது கயிறு நழுவினா எப்படி இருக்கும், அப்படி.

இல்ல, நீங்க போய் உக்காந்துடாதீங்க. இதோ முடிஞ்சிடும். பக்கத்து மிஷினா? அதுல பேப்பர் ஒட்டியிருக்கு பாருங்க, பழுதுன்னு. போன மழைக்காலத்துல நான் இங்க வந்தப்பவும் இதே பேப்பர்தான். அப்ப ஓரம் சுருளாம இருந்துச்சு.

மாமனாரப் பாக்க வந்தீங்களா? நீங்க இந்த ஆஸ்பத்திரிக்கு முதல் தடவையா? தெரியுது. மிஷினப் பாத்துச் சிரிக்கிறீங்க. பழகினவங்க சிரிக்க மாட்டாங்க.

சொல்றேன், கேட்டுக்கங்க, உங்களுக்கும் உதவும். மேல வார்டுல படுத்திருக்கறவங்களப் பாக்கணும்னா இதுல சீட்டு வாங்கணும். முதல்ல கட்டில் நம்பர். அது நல்லாத்தான் இருக்கு, அடிச்சா வருது. அப்புறம் 'உறவைத் தேர்ந்தெடுக்கவும்'னு ஒரு கட்டம். அதத் தொட்டா பட்டியல் இறங்கும். அதுல நீங்க படுத்திருக்கறவங்களுக்கு என்ன முறையோ அத அமுக்கணும். கீழ 'அனுப்பு'ன்னு ஒரு பட்டன், அதையும் அமுக்கணும். அமுக்கினா மேல கட்டில் பக்கத்துல ஒரு பெட்டி இருக்கு, அது வார்டு முழுக்கக் கேக்குற மாதிரி வாயத் திறந்து சொல்லும், 'உங்கள் இன்னார் வந்திருக்கிறார்'னு. படுத்திருக்கறவங்க பச்சைய அமுக்கினா இங்க சீட்டு வரும். சிவப்ப அமுக்கினா வராது. வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

பேரா? பேரச் சொல்லாது. பேரச் சொன்னா பாதிப் பேருக்கு யாருன்னே தெரியலயாம். அது நியாயம்தான். எனக்கே என் சம்பந்தியம்மா பேரு என்னன்னு கேட்டா கொஞ்சம் யோசிக்கணும். பொண்ணக் குடுத்து எத்தனை வருஷமாச்சு, சம்பந்தி, சம்பந்தின்னே ஓடிப்போச்சு.

நான் எங்க ஓரகத்தியப் பாக்க வந்தேன். என் வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. வீட்ல சின்னவன்னு சொல்றது. நான் பெரியவ. நாளைக்குக் காலைல அவளுக்கு நெஞ்சத் திறக்கறாங்க. வால்வு மாத்தணுமாம். நேத்து சாப்பிடும்போது எங்க வீட்டுக்காரர் சொல்றார், "சின்னவளுக்கு வால்வு மாத்தறாங்க, மோர் ஊத்து"ன்னு. என்னமோ குழாய்க்கு வாஷர் மாத்தற மாதிரி. ஆறு மணியோட இந்தக் கதவ மூடிடுவாங்க. அதுக்கப்புறம் நாளைக்கு... நாளைக்கு யாரையும் பாக்க விட மாட்டாங்க. அதனால இன்னிக்கித்தான்.

பாத்தே ஆகணும்னு ஒண்ணும் இல்ல. இந்தப் பையக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். உள்ள ரெண்டு நைட்டி இருக்கு. நெஞ்சத் திறந்தவளுக்குக் கையத் தூக்க முடியாது, தலை வழியாப் போடுற துணி ஆகாது. இங்க குடுக்கற அங்கிக்கு முதுகுல முடிச்சு. முதுகுல முடிச்சுப் போட இவளுக்கு எத்தனை கை இருக்கு? அதான் முன்னாடி மேலருந்து கீழ வரைக்கும் பட்டன் வச்சுத் தச்சேன். பெரிய பட்டனா, ஒத்தக் கையால போட்டுக்கலாம். கடையில மீந்து கிடந்த பட்டன்தான். புதுசாவா வாங்கப் போறேன்?

சரி வாங்க, மறுபடியும் பாப்போம். கட்டில் நம்பர் அடிச்சாச்சு. இதோ பட்டியல். என்ன தெரியுது உங்களுக்கு? படிங்க. கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி, தாத்தா, பாட்டி. இந்த நாலு வரிதான் ஒரு நேரத்துல தெரியும். மத்ததெல்லாம் உள்ள புதைஞ்சு கிடக்கு, தள்ளித் தள்ளித் தோண்டணும். யாருக்குங்க கொள்ளுத்தாத்தா ஆஸ்பத்திரிக்குப் பாக்க வருவார்? அவர் இருந்தா அவரே இங்க படுத்திருப்பார், நாமதான் போய்ப் பாக்கணும்.

இதுல வேடிக்கை என்னன்னா, ஒண்ணும் தொடலன்னா கொள்ளுத்தாத்தாவையே எடுத்துக்கும். முதல் வரி பாருங்க, அதுமேல ஏற்கெனவே நீலமா இருக்கு. அதாவது, வர்றவங்க எல்லாரும் கொள்ளுத்தாத்தாதான், இல்லன்னு நாம நிரூபிக்கணும்.

தள்றேன் பாருங்க. மெதுவாத் தள்ளினா எறும்பு ஊர்ற மாதிரி ஊருது. கொஞ்சம் வேகமாத் தள்ளினா... போச்சு. அடிக்குப் போயிடுச்சு. கொள்ளுப்பேத்தி. நடுவுல எங்கயாவது நிக்குதா? பாவம், நடுவுல இருக்கறவங்க உறவு இல்லயா? விரல வச்சு நிறுத்தப் பாத்தா நிறுத்தினதையே அமுக்கினதா எடுத்துக்குது. கொஞ்சம் முன்னாடி என்னை 'நாத்தனார் கணவர்' ஆக்கிடுச்சு. நல்ல வேளை, அனுப்பல.

இதாவது பரவால்ல. போன வருஷம் பேங்க்குல ஒரு பாரம், போன்லயே நிரப்பணும்னாங்க. பொறந்த வருஷம் கேட்டுச்சு. தொட்டா இந்த வருஷத்துல இருந்து ஆரம்பிக்குது. இந்த வருஷம் பொறந்தவன் எவன் பேங்க்குக்கு வர்றான்? அங்கருந்து நான் பொறந்த வருஷத்துக்குப் பின்னால பின்னால போறேன், போறேன், என் பேத்தி பொறந்தது போச்சு, என் பொண்ணுக்குக் கல்யாணம் ஆனது போச்சு, பொண்ணு பொறந்தது போச்சு, எனக்குக் கல்யாணம் ஆனது போச்சு. மொத்த வாழ்க்கையும் விரலுக்கு அடியில ஓடுது தம்பி. கடைசியில என் வருஷம் வந்தப்ப விரல் வழுக்கி அதுக்கு அடுத்த வருஷத்துல விழுந்துடுச்சு. ஒரு வயசு குறைஞ்சு போச்சேன்னு அப்படியே விட்டுட்டேன். நாலு எண்ணு அடிங்கன்னு ஒரு காலி கட்டம் வச்சிருந்தா ஒரு நொடியில முடிஞ்சிருக்கும். பொறந்த வருஷத்த எவனாவது தேர்ந்தெடுக்கறானா? அது அவனுக்குத் தெரியுமே.

இதோ, உங்ககிட்ட பேசினதுல முதல் பக்கத்துக்கே போயிடுச்சு. சும்மா நின்னா அதுக்குப் பிடிக்காது. மறுபடியும் கட்டில் நம்பர்.

கவுன்ட்டர்ல கேக்கறதா? கேட்டேனே. அந்தப் பொண்ணு தலையத் தூக்காமலே, "மிஷின்ல போடுங்கம்மா"ங்குது. நண்பர்னு போட்டா? புத்திசாலிதான் நீங்க. போட்டுப் பாருங்களேன். 'நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்'னு வரும். கொழுந்தனாருக்குப் போன் போட்டேன், எடுக்கல. ரத்தம் குடுக்க ஆளு கூட்டிட்டு வரப் போயிருக்கார். சின்னவளுக்கா? அவகிட்ட நான் போன்ல பேசறதில்ல. நேர்லயும் பேசறதில்ல. அது வேற கதை.

மருந்துக் கடையில பாத்திருப்பீங்க. ஆயிரம் மருந்து இருக்கு, சீட்டுல இருக்கற கையெழுத்து கடவுளுக்கே புரியாது. கடைக்காரர் மூணு எழுத்துத் தட்டுறார், திரையில பத்து பேருதான் நிக்குது. அதுல ஒண்ணத் தொடுறார், முடிஞ்சுது. இங்க எழுத்துத் தட்டித் தேடற வசதி இல்லயான்னா... இருந்திருக்கும். வைக்கிறேன்னுதான் இந்த மிஷினப் பாத்துக்கற கம்ப்யூட்டர்க்காரர் சொன்னார். ஒரு அம்மா வேண்டாம்னுட்டாங்களாம். இங்க அட்மிட் ஆகியிருந்த அம்மா. எழுதத் தெரியாதவங்க என்ன பண்ணுவாங்க, எல்லாத்தையும் கண்ணு முன்னாடி வையி, பாத்து எடுத்துக்கட்டும்னாங்களாம். அவங்க சொன்னதும் ஒரு வகையில சரிதான். ரெண்டையும் வச்சிருக்கலாமேன்னு கேக்கறீங்க. அது... அன்னிக்கி யாருக்கும் தோணல.

அந்தக் கம்ப்யூட்டர்க்காரர் பொறுமைசாலி. வழுக்கைத் தலை, சட்டைப் பையில எப்பவும் வறுத்த கடலை. அவர் வேற யோசனையும் சொன்னார். மகன், மகள், கணவன், மனைவி இந்த நாலையும் மேல வச்சுட்டா பத்துல எட்டுப் பேருக்கு வேலை முடிஞ்சுது, மத்தவங்க மட்டும் கீழ தேடட்டும்னார். அந்த அம்மா ஒத்துக்கல. பெத்தவங்களுக்கு மேல பொண்டாட்டியான்னு கேட்டுட்டாங்க. சரி, அகர வரிசைன்னார். அதுல அக்கா முதல்ல வருவா, அப்பா அஞ்சாவதா நிப்பார். அதுவும் ஆகாது. பெரியவங்கள்ல இருந்து ஆரம்பி, மரியாதைன்னு ஒண்ணு இருக்குன்னாங்க. அப்ப ரெண்டு மூணு கேள்வியாப் பிரிச்சுக்கலாம்மான்னு கேட்டார். பொறந்த வழியா, கட்டின வழியா, முதல்ல அது. அப்புறம் பெரியவங்களா சின்னவங்களா. அதுக்கப்புறம் அஞ்சாறு பேருதான் மிஞ்சுவாங்கன்னார். அதுக்கும் அந்த அம்மா, அவசரத்துல ஓடி வர்றவங்ககிட்ட விசாரணைக் கமிஷன் வைக்கறியான்னு ஒரே போடு.

நான் பட்டன் கடை வச்சிருக்கேன் தம்பி. ஊசி, நூல், ஜிப்பு, லேஸு எல்லாம் உண்டு, ஆனா பட்டன்தான் பிரதானம். செவுரு முழுக்கச் சின்னச் சின்ன டிராயர். கோட்டுக்கு ஒரு பட்டன் விழுந்துடுச்சுன்னு ஒருத்தர் வந்தா, அத்தனை டிராயரையும் இழுத்து அவர் மடியில கொட்டுவேனா? ரெண்டு ஓட்டையா நாலு ஓட்டையான்னு கேப்பேன். பாதிக் கடை ஒதுங்கிடுச்சு. கருப்பா பழுப்பான்னு கேப்பேன். அதுல பாதி போச்சு. மூணாவது கேள்விக்கு பட்டன் அவர் உள்ளங்கையில இருக்கும்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? கடை வேற, ஆஸ்பத்திரி வேற.

கடைசியில அந்தக் கம்ப்யூட்டர்க்காரர் கையெடுத்துக் கும்பிட்டுட்டார். "அம்மா, நீங்க கால அசைக்காதீங்க, முட்டி தையல் பிரிஞ்சிடும். நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதிக்கறேன்"னு...

...

ஆமா. நான்தான். எனக்குத்தான் முட்டி மாத்தினாங்க. ஒரு அம்மான்னுதான சொன்னேன், நான் இல்லன்னு சொல்லலயே.

அதுக்குக் காரணம் இருக்கு, கேளுங்க. சும்மா வம்புக்குப் போற ஆளு இல்ல நான். அப்ப இதுல மூணே வரிதான் இருந்துச்சு. குடும்பம், உறவினர், நண்பர். தம்பி, உறவினர்னா யாரு? மாமனும் உறவினர், மச்சானும் உறவினர், நம்மளக் கண்டா ஆகாத பங்காளியும் உறவினர். ஆபரேஷன் முடிஞ்ச ரெண்டாம் நாள், பெட்டி பேசுது, 'உங்கள் உறவினர் வந்திருக்கிறார்'னு. நான் சின்னவதான் வந்திருக்கான்னு நெனச்சுட்டேன். சட்டுனு சிவப்ப அமுக்கிட்டேன். கடைசியில பாத்தா வந்தது சம்பந்தி. ரெண்டு பஸ் மாறி, ஒரு பை ஆப்பிளோட வந்த மனுஷி, வாசல்லயே திரும்பிப் போயிட்டாங்க. இன்னிக்கி வரைக்கும் என் பொண்ணுகிட்ட, "உங்கம்மா பெரிய இடம், நாங்க எல்லாம் சந்திக்க முடியுமா"ன்னு குத்திக்கிட்டிருக்காங்க. அதான் கம்ப்யூட்டர்க்காரர வரச் சொன்னேன். நாலு நர்ஸு, ஒரு டாக்டர், அப்புறம் மேனேஜர், எல்லாரும் வந்துட்டுப் போனாங்க. நான் விடல. முறை முறையாப் போடு, இல்லன்னா நான் கட்டில விட்டு எறங்க மாட்டேன்னேன். எறங்கவும் முடியாது, அது வேற.

சின்னவ வந்தா ஏன் சிவப்புன்னு கேக்கறீங்க. கேக்கல. கேக்காட்டியும் சொல்றேன், மிஷின் எப்படியும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கு.

கடைய நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் நடத்தினோம். டிராயர் பக்கம் நான், ஆளுங்க பக்கம் அவ. எந்தப் பட்டன் எங்க இருக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். வரிசை இல்லாம இல்ல. நான் வாங்கின வரிசை. முதல்ல வாங்கினது முதல் டிராயர், அடுத்து வாங்கினது அடுத்தது. அவ ஒவ்வொரு தடவையும், "அக்கா, கொம்புப் பட்டன் எங்க? அக்கா, சின்ன வெள்ளை எங்க?"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பா. நான் திரும்பிப் பாக்காமலே கை விட்டு எடுத்துக் குடுப்பேன். எனக்கு அதுல... எப்படிச் சொல்றது... ஒரு இதுதான்.

ஒரு தடவை நான் நாலு நாள் வெளியூர் போயிட்டு வந்தேன். வந்து பாத்தா செவுரே மாறிக் கிடக்கு. நிறத்துக்கு ஒரு வரிசை, நிறத்துக்குள்ள அளவுக்கு ஒரு வரிசை, ஒவ்வொரு டிராயர் மூஞ்சியிலயும் உள்ள என்ன இருக்குன்னு ஒரு பட்டன ஒட்டி வச்சிருக்கா. ஆளுங்க அவங்களா வர்றாங்க, அவங்களா டிராயர இழுக்கறாங்க, அவங்களா எடுத்துக்கிட்டு வர்றாங்க. நான் கல்லாவுல பொம்மை மாதிரி உக்காந்திருக்கேன். ஒருத்தர் பித்தளைப் பட்டன் கேட்டார். நான் பழைய பழக்கத்துல திரும்பிப் பாக்காம கை விட்டேன். வந்தது குழந்தைச் சட்டைக்கு வைக்கற வாத்துப் பட்டன், மஞ்சள் கலர்ல. அவர் போலீஸ்காரர் வேற. கடையே சிரிச்சுது. சின்னவளும் சிரிச்சா.

நான் சொல்லிட்டேன். எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். இது என் கடை, உனக்கு இங்க எடம் இல்லன்னு.

அவ தன்னோட கத்தரிக்கோல மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அன்னிக்கி முடிஞ்சுது பேச்சு. அண்ணனும் தம்பியும் நல்லாத்தான் பேசிக்கறாங்க, பேசட்டும். டிராயரா? டிராயர நான் திருப்பி மாத்தல. மாத்தணும்னுதான் நெனச்சேன்... அவ வச்சபடியேதான் இருக்கு. அத விடுங்க.

எங்க விட்டேன்? ஆங், பட்டியல். கட்டில்ல படுத்துக்கிட்டே சொன்னேன். கடலையக் கொறிச்சுக்கிட்டே எழுதினார். அந்த மனுஷனுக்கு நாத்தனாரும் அண்ணியும் ஒண்ணுன்னு நெனப்பு, அவரத் திருத்தறதுக்கே ஒரு மத்தியானம் போச்சு. பெரிய மாமனார், சின்ன மாமனார், நாத்தனாரோட மாமியார், சகலை, சகலையோட தம்பி, சம்பந்தி, சம்பந்திக்குச் சம்பந்தி... என் குடும்பத்துல இருக்கறது, இல்லாதது, இருந்து போனது, ஒண்ணையும் விடல. பக்கத்துக் கட்டில் அம்மா வேற நடுநடுவுல, "மாமன் மகள் விட்டுப் போச்சு"ன்னு எடுத்துக் குடுக்கறாங்க. 'மற்றவை'ன்னு கடைசியில ஒண்ணு வச்சார். நான் அத எடுக்கச் சொன்னேன். அத வச்சா சோம்பேறிங்க எல்லாம் அதையே அமுக்குவாங்க, நாம இவ்வளவு பாடுபட்டது எதுக்கு?

எல்லாம் முடிஞ்சதும் வாசிச்சுக் காட்டினார். "வேற யாராவது விட்டுப் போச்சாம்மா?"ன்னு கேட்டார்.

இல்லன்னுட்டேன்.

விட்டுப் போகலதான். நான் விட்டேன். அவ ஒரு நாள் வந்து இங்க நின்னா, இந்தக் கட்டத்துல அவளுக்கு ஒரு வரி இருக்கக் கூடாதுன்னு விட்டேன். இப்பப் பாருங்க. அவளுக்கு நான் என்ன முறையோ, எனக்கும் அவ அதேதான. ஓரகத்திக்கு ஓரகத்தி. அந்த ஒரு வரி இல்லாததுல ரெண்டு பேரும் வெளிய போயிட்டோம்.

சிரிங்க, சிரிங்க. இவ்வளவு நேரம் இல்லாத ஒண்ணத்தான் தேடினேன். இல்லன்னு தெரியும். யாராவது அப்புறமா சேத்திருப்பாங்கன்னு ஒரு நெனப்பு. ஆஸ்பத்திரியில வேலை பாக்கறவங்களுக்கு ஒரு பொறுப்பு வேண்டாமா? ஒருத்தி கோவத்துல சொன்னத அப்படியே வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க.

செக்யூரிட்டி மணியப் பாக்கறார். எனக்கும் தெரியுது.

அக்கான்னு போடறதா? ...நீங்களும் அதையே சொல்றீங்க. காலைல எங்க வீட்டுக்காரரும் அதான் சொன்னார். அவ என்னை அக்கான்னுதான் கூப்பிட்டா, மறுக்கல. ஆனா அது அவ கூப்பிடணும் தம்பி. போன்னு சொன்ன வாயால, நானே வந்து, 'உங்கள் அக்கா வந்திருக்கிறார்'னு வார்டு முழுக்கக் கேக்கச் சொல்லிக்கிட்டு நிக்கறதா? அவ சிவப்ப அமுக்கினா பரவால்ல, அமுக்கட்டும், அது நியாயம். பச்சைய அமுக்கி, 'ஆமா, பெரிய அக்கா'ன்னு மனசுக்குள்ள ஒரு சொல்லு சொன்னா? நெஞ்சு சரியில்லாதவ வேற. ஏன் கோவப்படுத்தணும்?

சரி. சரி, விடுங்க. அக்காவே போடறேன். வேற என்ன இருக்கு? நாளைக்கு... சரி. இந்தப் பையக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க. ரெண்டு கையும் வேணும் இதுக்கு.

கொள்ளுத்தாத்தா, பாட்டி, மாமனார், மாமியார்... மெதுவா, மெதுவா... பெரியப்பா, பெரியம்மா, அத்தை, மாமா... சித்தி... அண்ணன், அண்ணி... வந்துடுச்சு. அக்கா. பாருங்க, சரியா நடுவுல நிக்குது. மூச்சு விடாதீங்க. அமுக்கறேன்.

மூடிக்கிச்சு. அமுங்கலயா? இன்னொரு தடவை...

அய்யோ. இல்ல. இல்ல, அது இல்ல. நிறுத்து.

என்ன ஆச்சு பாத்தீங்களா? முதல் தட்டு ஓரத்துல பட்டு பட்டியல் மூடிக்கிச்சு. மூடினதும், அக்கா இருந்த அதே எடத்துல 'அனுப்பு' வந்து உக்காந்திருக்கு. நான் அத அமுக்கிட்டேன். கட்டத்துல என்ன இருக்கு? எனக்குக் கண்ணு மங்குது, படிங்க.

கொள்ளுத்தாத்தா.

போயிடுச்சா? திருப்பி வாங்க முடியாதா? இப்ப மேல அந்தப் பெட்டி சொல்லும். நெஞ்சத் திறக்கப் போற பொம்பளை, ராத்திரியெல்லாம் தூங்கியிருக்க மாட்டா, அவகிட்டப் போய், 'உங்கள் கொள்ளுத்தாத்தா வந்திருக்கிறார்'னு. போன தலைமுறைக்கு முந்தின தலைமுறையில செத்தவர். நாளைக்கு ஆபரேஷன வச்சுக்கிட்டு, கூட்டிட்டுப் போக வந்திருக்கார்னு நெனச்சுக்கப் போறா.

நெனப்பா. நானே... எனக்கே ஒரு தடவை வந்துச்சே. பட்டியல மாத்தின மறுநாளு. மத்தியானம் எல்லாரும் கண்ண மூடியிருக்கோம், பெட்டி பேசுது, 'உங்கள் கொள்ளுத்தாத்தா வந்திருக்கிறார்'னு. பொம்பளைங்க வார்டு, எல்லாம் ஒரே சிரிப்பு. பக்கத்துக் கட்டில் அம்மா, "வரச் சொல்லுங்க, ஆசீர்வாதம் வாங்கிக்கலாம்"ங்கறாங்க. நான் சிவப்ப அமுக்கிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் அதே. மறுபடியும் சிவப்பு. எவனோ வேற கட்டில் நம்பர அடிச்சுட்டான்னு நெனச்சேன். சாயந்திரம் நர்ஸு வந்து சொன்னா, "கீழ ஒரு அம்மா மிஷின் கிட்டயே ரொம்ப நேரம் நின்னாங்க. மேலயும் கீழயும் தள்ளித் தள்ளிப் பாத்தாங்க. அவங்களுக்கு வேண்டியது அதுல இல்ல போல. போயிட்டாங்க"ன்னு. நான் நர்ஸுகிட்ட பெருமையாச் சொன்னேன், "என் பட்டியல்ல இல்லாத உறவே கிடையாது, அந்த அம்மாவுக்குத்தான் தேடத் தெரியல"ன்னு.

...

இல்லாத உறவு ஒண்ணே ஒண்ணுதான தம்பி.

...

இல்ல, தண்ணியெல்லாம் வேண்டாம். நின்னுக்கறேன். இந்த எடத்துலதான் நின்னிருப்பா. முதல்ல நடுவுல தேடியிருப்பா. அப்புறம் அடியில. அப்புறம் மேல வந்து... எதையும் தொடாம அப்படியே அனுப்பியிருக்கா. ரெண்டு தடவை. நான் ரெண்டு தடவையும்.

என்ன போட்டிருக்கு அதுல? 'காத்திருக்கவும்'. வட்டமாச் சுத்துது. சுத்தட்டும். இந்நேரம் அவளுக்குக் கேட்டிருக்கும். சிவப்ப அமுக்கினாலும் தப்பு இல்ல. நீங்க அடுத்து நில்லுங்க, உங்க மாமனார் காத்துக்கிட்டிருப்பார். மருமகன்தான நீங்க? நடுவுல கொஞ்சம் தள்ளி இருக்கு, கொழுந்தனுக்கு அப்புறம். வேகமாத் தள்ளாதீங்க. அந்தப் பைய அவ கட்டிலுக்கு எப்படியாவது குடுத்துடுங்களேன், நம்பர் சொல்றேன். யாரு குடுத்தான்னு கேட்டா... பட்டனப் பாத்தாத் தெரிஞ்சுக்குவா.

என்ன சத்தம் அது?

சீட்டா? எங்க, காட்டுங்க. கசங்காம இழுங்க. அனுமதின்னு போட்டிருக்கு. பச்சை. உறவு, கொள்ளுத்தாத்தா.

தெரிஞ்சிருக்கு தம்பி அவளுக்கு. கேட்ட உடனே தெரிஞ்சிருக்கு. இதுல எடம் இல்லாம நிக்கறது யாருன்னு அவளுக்குத் தெரியாதா?

பையக் குடுங்க. மணி என்ன? இருக்கு, இன்னும் கொஞ்சம் இருக்கு. வர்றேன் தம்பி.

செக்யூரிட்டி சார், இந்தாங்க சீட்டு. எதுக்கு என்னையும் சீட்டையும் மாத்தி மாத்திப் பாக்கறீங்க? ஆமா, நான்தான் கொள்ளுத்தாத்தா. கதவத் திறங்க.